புரட்டிப் போட்ட புளியங்கொட்டைகள்

என்னை ஜவ்வாது மலைக்கு ஏற்றியது எங்கள் கல்லூரி அட்டெண்டர் காளியின் கல்யாணம். கல்யாணத்துக்குப் போனேன் என்று சொன்னால் பொய். நின்றுபோன கல்யாணத்துக்குப் போனேன்.

எழுபதுகளின் கடைசி அது. வேலூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கும்பகோணத்தில் இருந்த என் அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சியின் மேல் மரியாதையே கிடையாது. "ரெண்டு அட்டவணைய பக்கத்துல வச்சிக்கிட்டு, ஒண்ணா வேறயான்னு பார்க்கறதுக்கு இத்தனை வருஷமா?" என்பார். அம்மா சொன்னது ஏறக்குறைய சரிதான். குலம் என்று கணிதத்தில் ஒரு அமைப்பு உண்டு. அதை ஒரு பெருக்கல் அட்டவணையாக எழுதலாம். இரண்டு பேர் இரண்டு அட்டவணை எழுதுகிறார்கள், பெயர்கள் வேறு. பெயரை மாற்றிப் போட்டால் இரண்டும் ஒன்றேதானா என்று கண்டுபிடிக்க ஒரு வழிமுறை வேண்டும். வெறும் பத்துப் பெயர் இருந்தாலே சேர்த்துப் பார்க்க முப்பத்தாறு லட்சத்துக்கு மேல் வழிகள். ஆனால் ஒரு குறுக்குவழி உண்டு. சில பெயர்களிலிருந்தே மற்றதெல்லாம் பிறந்துவிடும். அந்தச் சிலது எதோடு பொருந்தும் என்று மட்டும் முடிவு செய்தால் போதும், ரவிக்கையின் முதல் கொக்கியை மாட்டிவிட்ட மாதிரி மற்றது தானே வரிசைக்கு வரும்.

ஆசிரியர் அறையில் இதை நான் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தபோது காளி டீ கொண்டுவந்து வைத்தான். வைத்தவன் போகவில்லை.

"மேடம், அது மன்சங்களுக்கும் வருமா?"

அவன் மலையின் வடக்குச் சரிவைச் சேர்ந்தவன், புளியடி வகையறா. செங்கம் சந்தையில் புளி விற்கப் போன இடத்தில் தெற்குச் சரிவைச் சேர்ந்த செல்வியைப் பார்த்திருக்கிறான். அவள் மூங்கில் வகையறா. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். நாள் குறித்த பிறகு காளியின் பெரியப்பா எழுந்து, "அவங்க நமக்குப் பங்காளி முறை. அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு கல்யாணம் நின்றது.

ஒவ்வொரு சரிவிலும் நாலு வகையறா. அதில் யார் யாருக்குப் பங்காளி, யார் யாருக்கு மாமன் மச்சான் என்பது அந்தந்தச் சரிவில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் இரண்டு சரிவுக்கும் நடுவே பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. வகையறாப் பெயர்களும் வேறு வேறு. பஸ் வந்த பிறகுதான் இந்த வம்பே. வடக்கின் புளியடி தெற்கின் எதற்குச் சமம் என்று சொல்ல ஆளில்லை.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது என்பதை மறைக்க மாட்டேன். என் ஆராய்ச்சியை வைத்து ஒருவருக்கு ஒரு உபகாரம் நடக்கப்போகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பஸ்ஸிலேயே கழிந்தது. ஜன்னலோரம் எனக்குப் பக்கத்தில் என் வயதொத்த ஒரு அம்மாள், மடியில் அவித்த வள்ளிக்கிழங்கு மூட்டை. கேட்காமலே என் கையில் ஒன்றை வைத்தாள். எங்கள் பக்கத்தில் கிழங்கை வெல்லம் போட்டுக் கெடுத்துவிடுவோம். இது உப்பு மட்டும் போட்டு, தோலோடு, மண்வாசனையோடு இருந்தது. அவள் வாய் ஓயவில்லை. கண்டக்டரின் மீசையைக் கேலி செய்தாள், டிரைவரின் ஹாரனைக் கேலி செய்தாள். முன் சீட்டில் குடையை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரையும் விடவில்லை.

"இன்னா மாமா, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. கொடை இன்னாத்துக்கு? எங்கக்கா அடிச்சா தடுக்கவா?"

பஸ்ஸே சிரித்தது. பெரியவர் திரும்பவில்லை. அவர் கழுத்து மட்டும் விறைத்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் அதற்குப் பிறகு கிழங்கை உரிக்கும் விரல் நின்றுவிட்டது. சரியான சிடுமூஞ்சி என்று நான் அந்த மனிதரைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஆண்கள் சுனையைத் தேடிப் போனார்கள். டிரைவர் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார், கல் நழுவியது, வண்டி ஒரு முழம் பின்னால் போனது. கீழே அமிர்திக் காடு தெரிந்தது. கும்பகோணத்தில் மேடு என்றால் கோயில் படிக்கட்டுதான். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "இது தெனமும் போறதுதான், பயப்படாத," என்றாள். குடைப் பெரியவர்தான் இறங்கிப் போய் இன்னொரு பெரிய கல்லாக உருட்டி வந்து முட்டுக் கொடுத்தார்.

ஊர் வந்து இறங்கியதும் காளி ஓடி வந்தான். என் பையை வாங்காமல் முதலில் குடைக்காரருக்குக் கும்பிடு போட்டான்.

"மேடம், இவருதான் எங்க பெரியப்பா."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கு டீச்சரா? கணக்கு தப்பாதுல்ல?" என்று கேட்டார். தப்பாது என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் முழுக்க வடக்குச் சரிவின் முறைகளைக் கேட்டேன். காளியின் அம்மா சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டார். அரிசியே தின்று வளர்ந்த என் வயிற்றுக்குச் சாமை முதலில் புரியவில்லை, இரண்டாவது கவளத்தில் புரிந்துவிட்டது. முற்றம் நிறைய புளி காய்ந்துகொண்டிருந்தது. கொட்டைகள் குவிந்து கிடந்தன. தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் வெள்ளையாக உரசி வைத்த கொட்டைகளும் அதில் இருந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. புளியடிக்கும் அதன் பங்காளிக்கும் வெள்ளைப் பக்கம். மாமன் மச்சான் முறையாகும் இரண்டு வகையறாவுக்கும் கறுப்புப் பக்கம். பங்காளிக்குப் பங்காளி பங்காளிதான். பங்காளிக்கு மச்சான் நமக்கும் மச்சான். மச்சானுக்கு மச்சான் பங்காளி. நான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டும் அட்டவணைகளில் மிகச் சின்னது இதுதான், இரண்டே வரி. மலையில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் ஒருவரும் தப்புவிடவில்லை.

மூன்றாம் நாள் காளியும் அவன் அம்மாவும் நானும் பள்ளத்தாக்கில் இறங்கித் தெற்குச் சரிவுக்கு நடந்தோம். கரடி நடமாட்டம் உண்டு என்று காளி ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே வந்தான். "பொருந்திப் போயிரும்ல மேடம்?" என்று தட்டலுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தான். போகும் என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

செல்வியின் வீட்டு வாசலில் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள் பஸ்ஸில் வந்த கிழங்கு அம்மாள். செல்வியின் அப்பாவோடு பிறந்தவள் அவள். செல்விக்கு அத்தை. வேலூர் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு வந்தாளாம். "நீதான் கணக்கு டீச்சர்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு கெழங்கு குடுத்திருப்பேன்," என்றாள்.

செல்வி எனக்குக் கேழ்வரகுக் களி கிளறிப் போட்டாள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

"டீச்சரம்மா, கட்டிக்குடுக்கலன்னா கூட பரவால்ல. பங்காளின்னு சொல்ட்டா நாளைக்கு அவர அண்ணன்னு கூப்பிடச் சொல்வாங்க. என் வாயில வராது."

தட்டை நகர்த்திவிட்டு, வடக்கிலிருந்து பையில் கொண்டுவந்த கொட்டைகளை எடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் தெற்கின் முறைகளும் கைக்கு வந்தன. செல்வியின் மூங்கில் வகையறாவுக்குக் கறுப்புப் பக்கத்தை வைத்தேன், அதன் பங்காளிக்கும் கறுப்பு. அதற்கு மாமன் மச்சான் முறையான ஓடை வகையறாவுக்கும் அதன் பங்காளிக்கும் வெள்ளை. வடக்கில் இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. தெற்கிலும் அதே. ஒவ்வொரு முறையாகச் சொல்லிச் சரிபார்த்தேன், எல்லாம் அச்சாகப் பொருந்தியது. காளி வெள்ளை, செல்வி கறுப்பு. முறைப்பெண்தான். காளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தகர டப்பாவை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் காலையில் இரண்டு சரிவுக்கும் நடுவில் உள்ள பலா மரத்தடியில் கூடுவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் கொட்டைகளைப் பைக்குள் போட்டேன். பெரியவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாமே என்று திரும்ப எடுத்து அடுக்கினேன். வடக்கைச் சரியாக அடுக்கினேன். தெற்கை அடுக்கும்போது மூங்கிலுக்கு வெள்ளை விழுந்துவிட்டது, ஓடைக்குக் கறுப்பு. தப்பு எங்காவது தட்டுப்படும் என்று முறைகளைச் சொல்லிப் பார்த்தேன். தட்டுப்படவில்லை. பங்காளிக்குப் பங்காளி, மச்சானுக்கு மச்சான், எல்லாம் அப்போதும் அச்சாகப் பொருந்தியது.

மூங்கிலுக்குக் கறுப்பு என்று யார் சொன்னது? நான்தான் வைத்தேன். செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆசைப்பட்டு வைத்தேன். தெற்கின் கொட்டைகள் நாலையும் மொத்தமாகப் புரட்டிப் போட்டாலும் ஒரு விதியும் உடையாது. ஒரு பொருத்தத்தில் செல்வி முறைப்பெண். மற்றதில் தங்கை. இரண்டு அட்டவணையும் ஒன்றா என்பதுதான் என் வழிமுறை கேட்கும் கேள்வி. ஒன்றுதான், இரண்டு விதத்தில் ஒன்று. இந்த ஊர் கேட்ட கேள்வி அதுவே இல்லை.

காளியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பலா மரத்துக்குப் போகும் வழியெல்லாம், இரண்டில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கேட்பதற்கு யாருக்குத் தெரியும்? பெரியப்பா "தப்பாதுல்ல" என்று கேட்டது மட்டும் காதில் நின்றது.

மரத்தடியில் இரண்டு சரிவு ஆட்களும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். நான் துண்டை விரித்துக் கொட்டைகளை அடுக்கினேன். முதல் பொருத்தத்தைக் காட்டியதும் காளி பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது, சந்தோஷ முணுமுணுப்பு. அப்புறம் தெற்கின் நாலையும் புரட்டினேன்.

"இதுவும் சரி," என்றேன்.

காளி என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

"இத சொல்லத்தான் வேலூர்ல இருந்து வந்தியாம்மா?" என்று தெற்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

பெரியப்பா குடையைத் தரையில் ஊன்றினார். "ரெண்டும் சரின்னா எது நெசம்?"

"இன்னும் எதுவும் நிஜம் ஆகலைங்க," என்றேன். "உங்க ரெண்டு சரிவுக்கும் நடுவுல ஒரு முறையும் இதுவரைக்கும் இல்லை. இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததைச் சொல்லிடலாம். ஒண்ணே ஒண்ணு போதும். இல்லாததை என் கணக்கு கண்டுபிடிக்காது. நீங்க முதல்ல எதைச் செய்றீங்களோ, அதுல இருந்து எல்லாம் முடிவாயிடும்."

"எல்லாம்னா?"

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பாதி சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு ஊரே வாழ வேண்டுமே. "காளிக்குச் செல்வியக் கட்டினா, புளியடியும் மூங்கிலும் மாமன் மச்சான். மூங்கிலுக்கு மச்சான் ஓடை. மச்சானுக்கு மச்சான் பங்காளி. அப்போ உங்களுக்கும் ஓடைக்கும் பங்காளி முறை ஆயிடும். இனிமே எப்பவும்."

பெரியப்பாவின் கை குடையின் மேல் இறுகியது. யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

"அப்ப எம் பையன்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மகனுக்கு ஓடை வகையறாவில் ஒரு பெண்ணைக் கண்ணால் பார்த்து மனசுக்குள் முடித்து வைத்திருக்கிறார். வாய்விட்டு இன்னும் கேட்கவில்லை. காளி முந்திக்கொண்டான். அண்ணன் தங்கை என்று அவர் எழுப்பிய சத்தத்துக்கு வேர் அங்கே இருந்தது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி கரைந்துபோனது. கொட்டையை எந்தப் பக்கமாக வைத்தாலும் ஒரு பிள்ளைக்குத் தங்கச்சி முளைக்கிறாள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "பேசி ஒரு முடிவுக்கு வாங்க. இல்லன்னா ரெண்டுமே வேணாம், பழயபடியே இருந்துக்கலாம்," என்று தோளில் கிடந்த துண்டை உதறினார். எழுந்துவிட்டால் மறுபடி கூட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காளி பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பாவைத் தாண்டிப் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து செல்வியின் அத்தை நடந்து வந்தாள். நேராகப் பெரியப்பாவின் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா மாமா, அன்னிக்கே கேட்டேன், பதில் இல்ல. மரத்து நெழல்ல குந்திகினு கொடை இன்னாத்துக்கு? எங்கக்கா அடிச்சா தடுக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் சிரித்தவர்கள் யாருக்கும் புரியாத ஒன்று அந்த மரத்தடியில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. காளியின் அம்மா என் காதில் சொன்னார். "கேலி மொறைக்காரங்களுக்குள்ளதான். பங்காளி வூட்ல வாய் குடுக்க மாட்டாங்க. பதில் பேசிட்டா மொற ஒத்துக்கின மாதிரி." அன்றைக்கு பஸ்ஸில் அவர் கழுத்து விறைத்ததற்கும், இவள் விரல் நின்றதற்கும் எனக்கு அப்போது அர்த்தம் தெரிந்தது. நான் என் அட்டவணைகளோடு மலை ஏறிக்கொண்டிருந்தபோதே இவர்கள் இருவரும் முதல் கொக்கிக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பெரியப்பா குடையைப் பார்த்தார். கூட்டத்தில் பின்னால் நின்ற தன் மகனைப் பார்த்தார். பிறகு காளியைப் பார்த்தார். அத்தை நகரவில்லை. இவர் எழுந்து போய்விட்டால் அவள் மானமும் போகும், கல்யாணமும் போகும்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்கக்கா அடி எனக்குப் பழகிப்போச்சு புள்ள. உன் வாய்க்குத்தான் கொடை வேணும்."

ஒரு நொடி கழித்துத்தான் சிரிப்பு வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. தன் மனைவியை உங்கக்கா என்று அவர் சொல்லிவிட்டார், அதாவது இவள் கொழுந்தியாள், மூங்கில் மச்சான் முறை. பெண்கள் செல்வியைச் சூழ்ந்துகொண்டார்கள், யாரோ அவள் தலையில் குட்டினார்கள். காளி அழுதுகொண்டே சிரித்தான். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், இப்ப அடுக்கு ஒன் கொட்டைய," என்றாள். அடுக்கினேன். ஒன்று வைத்ததும் மற்றதெல்லாம் தானே வரிசைக்கு வந்தது.

ஐந்தாம் நாள் செங்கம் போகும் பஸ்ஸில் மலையை விட்டு இறங்கினேன். திருவண்ணாமலை சுற்றி ஊர் போவதாகத் திட்டம். காவலூர்ப் பக்கம் வெள்ளைக் கோபுரக் கூரை தூரத்தில் தெரிந்தது, அங்கே நட்சத்திரம் பார்க்கிறார்களாம் என்று கண்டக்டர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் ஏறிய பெரியப்பா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். குடையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"உங்க பையனை நினைச்சா எனக்குச் சங்கடமா இருக்குங்க," என்றேன்.

"கணக்கு தப்பலதான," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தெற்குச் சரிவில் ஒரு ஊர் வந்ததும் எழுந்தார். ஓடை வகையறா குடியிருக்கும் ஊர் அது என்று எனக்கு இப்போது தெரியும். இறங்கும் முன் இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என்னிடம் காட்டினார். உள்ளே சிவப்புக் கண்ணாடி வளையல்கள்.

"செங்கத்துல வாங்கி வச்சேன், மருமவளுக்குன்னு," என்றார். "மவளுக்கும் இதே கைதான டீச்சர்."

திரும்பப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினார். பஸ் நின்றது. மேகமே இல்லாத வெயிலில் குடையை விரித்துக்கொண்டு ஊருக்குள் நடந்து போனார்.